பதிவேட்டில் ஒரு வரி

(வானொலியில் ஒலிபரப்பான நவம்பர் மாத மறையுரை)



நவம்பர் மாதம் வந்துவிட்டால் நமது கல்லறைத் தோட்டங்களில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். புல்லைச் செதுக்குகிறோம். சிலுவைக்கு வெள்ளையடிக்கிறோம். மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவரை அழைத்துக் கல்லறையை மந்திரிக்கச் சொல்கிறோம். அப்பாவின் கல்லறை எல்லாருக்கும் தெரியும். தாத்தாவின் கல்லறையும் பலருக்குத் தெரியும். தாத்தாவைப் பெற்றவர் எங்கே அடக்கமானார் என்று கேட்டால், கையை அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, "இங்கேதான் எங்கேயோ" என்கிறோம். அவருக்கும் முந்தியவர்களுக்குக் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. அவர்கள் பெயர் இந்த உலகத்தில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறது என்றால், பெரும்பாலும் அது பங்குக் கோவிலின் பழைய பதிவேட்டில்தான் இருக்கும்.

அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். குறிப்பாக, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் எழுதப்பட்ட ஏடுகளைப் பற்றி. அவற்றைத் தேடி இன்றும் பலர் வருகிறார்கள். சிலர் தங்கள் குடும்ப வரலாற்றை அறிய வருகிறார்கள். சிலர் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு ஆதாரம் தேடி வருகிறார்கள். 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அந்த ஆறு மாதத்தில் தாத்தா கையெழுத்திட்டாரா இல்லையா என்பது இன்றும் பல பேரப்பிள்ளைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. ஆகவே இது வெறும் பழங்கதை அல்ல.

முதலில், திருச்சபை ஏன் இந்த ஏடுகளை எழுதத் தொடங்கியது? குலப்பெருமையைக் காப்பதற்காக அல்ல. திரிதெந்து பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி ஒரு சட்டம் இயற்றியது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இரகசியத் திருமணங்கள் பெருகியிருந்தன. ஒருத்தியை யாருக்கும் தெரியாமல் மணந்தவன், அவளை விட்டுவிட்டு வேறொருத்தியை வெளிப்படையாக மணந்துகொள்வான். முதல் மனைவியிடம் சாட்சியும் இருக்காது, சான்றும் இருக்காது. அதனால் பங்குக் குரு, மணமக்கள் பெயர், சாட்சிகளின் பெயர், நாள், இடம் ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று சங்கம் கட்டளையிட்டது. திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயரையும் எழுதச் சொன்னது. ஞான உறவு உள்ளவர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அன்றைய விதி. பிறகு 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், ஒவ்வொரு பங்கிலும் ஐந்து ஏடுகள் வேண்டும் என்றது: திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், பங்கிலுள்ள குடும்பங்களின் விவரம், இறப்பு. கைவிடப்படக்கூடிய ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பாக எழுதத் தொடங்கிய ஏடு அது என்பதை நாம் மறக்கக் கூடாது.

பிரான்சு நாட்டில் அரசும் இதைத் தன் சட்டமாக்கிக்கொண்டது. 1667ஆம் ஆண்டின் அரசாணைப்படி ஒவ்வொரு பங்கும் இரண்டு பிரதிகள் எழுத வேண்டும். ஒன்று நீதிமன்றத்துக்குப் போகும். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவினார். கப்புச்சின் துறவிகள் அங்கிருந்த ஐரோப்பியருக்கு மேய்ப்பர்களாக இருந்தார்கள். இயேசு சபையார் தமிழ்க் கிறிஸ்தவர்களைக் கவனித்தார்கள். கிடைத்துள்ள பிரெஞ்சுப் பதிவுகள் 1676ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. இடையில் அந்த நகரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1693இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் பிடித்து, கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கல்லால் கட்டியது போயிற்று. காகிதத்தில் எழுதியதில் ஒரு பகுதி மிஞ்சியது.

அது தொடர்ந்து மிஞ்சுவதற்கு ஒரு நல்ல ஏற்பாடும் உதவியது. 1776ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரெஞ்சு அரசர் இன்னொரு கட்டளை பிறப்பித்தார். கடல் கடந்த குடியேற்றங்களின் பதிவுகளுக்கு மூன்றாவது பிரதி ஒன்று எழுதி, வெர்சாய் நகரக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். வெயிலும் மழையும் கரையானும் போரும் உள்ள நாடுகளில் காகிதம் நிலைக்காது என்று அவர்கள் கண்டிருந்தார்கள். அந்தப் பிரதிகள் இன்று பிரான்சின் எக்ஸ் நகரக் காப்பகத்தில் உள்ளன. பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். புதுச்சேரி ஆளுநராக இருந்த ஆல்பிரட் மர்த்தினோ 1911இல் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தை நிறுவி, 1676 முதலான பதிவுகளைச் சுருக்கி அச்சிலும் கொண்டுவந்தார்.

சரி, இந்த ஏடுகளில் ஒரு குடும்பத்தை எப்படித் தேடுவது? ஏணியில் இறங்குவதுபோல, தெரிந்த படியிலிருந்து தெரியாத படிக்கு இறங்க வேண்டும். தாத்தா பாட்டியின் திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். அதில் இருவரின் பெற்றோர் பெயரும் சொந்தப் பங்கும் இருக்கும். அந்தப் பங்கில் அவர்களுடைய திருமுழுக்குப் பதிவு கிடைக்கும். அங்கிருந்து அவர்கள் பெற்றோரின் திருமணம். இப்படியே ஒவ்வொரு படியாக. 1908ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் இன்னொரு வசதியும் உண்டு. ஒருவர் எங்கே மணம் முடித்தாலும், அதை அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வந்தது. அந்த ஓரக்குறிப்பைப் பார்த்தே, ஊரை விட்டுப் போன ஒருவர் எங்கே போனார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. வீட்டில் அழைத்த பெயரும் ஏட்டில் எழுதிய பெயரும் ஒன்றாக இருக்காது. தெருவில் ராயப்பன், ஏட்டில் பெத்ருஸ் அல்லது பியேர். வீட்டில் சின்னப்பன், ஏட்டில் பவுல். அருளப்பன் என்பவர் இலத்தீனில் யோவான்னெஸ். முடியப்பன் என்பவர் ஸ்தேவான், பிரெஞ்சில் எத்தியேன். ஞானப்பிரகாசம் என்பவர் அலோசியஸ். நமது பெயரைக் காதால் கேட்டு, தமக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிய குருக்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாக எழுதியிருப்பார்கள். எழுத்துக் கூட்டலைப் பார்த்து, "இவர் நம்மவர் இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதுக்குப் புரியும்.

சகோதர சகோதரிகளே, இப்படித் தேடிப் போகிறவர்கள் எதைக் காண்கிறார்கள்? எதிர்பார்த்ததை அபூர்வமாகத்தான் காண்கிறார்கள். இதற்குச் சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயின் மனைவியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 'மதாம்' என்று வருகிறவர். பிரான்சிலிருந்து வந்த சீமாட்டி என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் ழான் அல்பேர் என்ற அந்தப் பெண் 1706இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தந்தை கம்பெனியில் அறுவை மருத்துவர். தாய் எலிசபெத் ரோசா தெ காஸ்ட்ரோ, இந்த மண்ணிலேயே வேர்விட்ட போர்த்துக்கீசியக் கலப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ழான் 1719இல், தமது 13ஆம் வயதில், வேன்சான் என்ற கம்பெனி வணிகரை மணந்தார். கணவர் இறந்தபின் 1741ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி சந்திரநாகூரில் டூப்ளேயை மணந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும். கோட்டையில் மிக உயர்ந்த இடத்தில் இருந்த வீட்டிலேயே தமிழ் மண்ணின் வாசம் இருந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. இன்று பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் பல உள்ளன. "எங்கள் முப்பாட்டனார் பிரெஞ்சுக்காரர்" என்று சில பிள்ளைகள் நம்புவதுண்டு. ஏட்டைத் திறந்து 1881க்கு முன்னால் போனால், அங்கே தூய தமிழ்ப்பெயர் இருக்கும். காரணம் இதுதான். 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணைப்படி, புதுச்சேரி மக்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம். ஏற்பவர்கள் தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடியவர். அவர் 'லா போர்த்' என்ற பெயரை ஏற்றார். 'வாசல்' என்பது அதன் பொருள். அவரைப் போலவே, சாதி போட்ட பூட்டைத் திறந்துகொண்டு வெளியேற, ஒடுக்கப்பட்ட மக்களில் பலரும் அந்த வாசல் வழியே நடந்தார்கள். அப்படியானால் அந்தப் பிரெஞ்சுப் பெயர் இரத்தத்தைப் பற்றிய செய்தி அல்ல. தலைநிமிர்ந்து வாழ விரும்பிய ஒரு தமிழரின் துணிவைப் பற்றிய செய்தி. இல்லாத பிரெஞ்சுக்காரரை முன்னோராக்கிக்கொள்வதைவிட, இருந்த அந்தத் தமிழரை அறிந்துகொள்வது பெருமையில்லையா?

புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறியவர்களின் கதை இன்னும் கனமானது. இந்துமாக்கடலில் பூர்போன் என்றொரு தீவு. இன்று அதற்கு ரேயூனியன் என்று பெயர். 1663இல் இரண்டு பிரெஞ்சுக்காரரும், மடகாஸ்கரைச் சேர்ந்த பத்துப் பேரும் அங்கே குடியேறினர். அந்தப் பத்துப் பேரில் மூவர் பெண்கள். 1665இல் கம்பெனி மேலும் 20 பேரை அனுப்பியது. பிறகு இந்தியாவிலிருந்து போர்த்துக்கீசியக் கலப்புப் பெண்கள் சிலரும் போய்ச் சேர்ந்தார்கள். தீவின் முதல் குடும்பங்கள் இவர்களிடமிருந்தே தொடங்கின. பங்கு ஏடுகளில் அந்தத் திருமணங்கள் உள்ளன. பின்பு அடிமை வியாபாரம் வளர்ந்தது. 1723இல் அரசர் ஆணை ஒன்று வந்து, வெள்ளையர் கறுப்பினத்தவரை மணக்கக் கூடாது என்றது. தடை வருவதற்கு முன்பே, அந்தத் தீவின் பழம்பெரும் வெள்ளைக் குடும்பங்கள் பலவற்றில் மடகாஸ்கர் பாட்டியோ இந்தியப் பாட்டியோ இருந்துவிட்டார்கள். நூறு ஆண்டுகள் கழித்து மறைக்க நினைத்தவர்களாலும் ஏட்டை மறைக்க முடியவில்லை.

அதே ஆணை, அடிமைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களோடு, நமது கடற்கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஏட்டில் ஒரு திருமுழுக்குப் பெயர், எஜமானின் பெயர், பெரும்பாலும் அவ்வளவுதான். 1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி அங்கே அடிமைத்தனம் ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். அப்போதுதான் அவர்களுக்குக் குடும்பப் பெயர் வழங்கப்பட்டது. அதற்கு முந்திய பாட்டியைத் தேடுகிற பேத்திக்கு இன்று கிடைப்பது அந்த ஒரே ஒரு பெயர்தான்: ஒரு மரியா, ஓர் ஆன்னா. அடிமைத்தனம் ஒழிந்தபின், ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தமிழ் பேசத் தெரியாமல், ஊர்ப்பெயர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருகிறார்கள். அப்படி யாராவது உங்கள் பங்கு வாசலில் நின்றால், தயவுசெய்து ஒரு நாற்காலி போடுங்கள்.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஏடுகள் தூய்மையான கைகளால் மட்டும் எழுதப்பட்டவை அல்ல. ஒரு தாயை 'இன்னாருடைய அடிமை' என்று எழுதிய குருவானவர், அதே கையால் அவள் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். நமது பக்கத்தில், பெயரோடு சாதியையும் எழுதிய ஏடுகள் உண்டு. புதுச்சேரியில் சம்பா கோவில் என்று நாம் அழைக்கும் ஆலயத்துக்குள்ளேயே, சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் ஒடுக்கப்பட்ட மக்கள் குருவானவரிடம் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்துக் கிளம்பியதையும் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். கடவுளுடைய வீட்டில் யாருக்கும் தீண்டாமை கிடையாது என்று அறிந்திருந்தும் நம் முன்னோர் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரின் மிச்சம் சில ஊர்களின் கல்லறைத் தோட்டத்தில் இன்றைக்கும் நிற்கிறது. பழைய ஏடு அன்றைய பாவத்தையும் சேர்த்தே பதிந்து வைத்திருக்கிறது. அதைப் படித்து நாம் வெட்கப்பட வேண்டும், கிழித்துப்போடக் கூடாது.

புனித மத்தேயு தமது நற்செய்தியை ஒரு குலவரிசையோடுதான் தொடங்குகிறார். திருவருகைக் காலத்தில் டிசம்பர் 17ஆம் தேதி அந்த வாசகம் வரும்போது, பெயர்களைக் கேட்டுக் கேட்டு நமக்குத் தூக்கம் வந்துவிடும். தூங்காமல் கேட்டால் ஒரு விந்தை தெரியும். அரசர்களின் வரிசைக்கு நடுவே நான்கு பெண்களை அவர் நிறுத்துகிறார். மாமனாரால் அநீதி இழைக்கப்பட்ட தாமார். எரிக்கோ நகரில் விலைமகள் என்று பேசப்பட்ட ராகாபு. அயல்நாட்டு விதவை ரூத்து. நான்காமவரின் பெயரைக்கூடச் சொல்லாமல், உரியாவின் மனைவி என்கிறார். தாவீது அரசர் செய்த பாவம் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. ஒரு குடும்பத்தார் தங்கள் வரலாற்றில் எதை மறைப்பார்களோ, அதையெல்லாம் எழுதிய பிறகே நற்செய்தியாளர் மரியாவையும் இயேசுவையும் எழுதுகிறார். மீட்பர் இந்தக் குடும்பத்தில்தான் பிறந்தார். நம் குடும்பத்தைப் பற்றி நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆகவே இந்த நவம்பர் மாதத்தில் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள். அவர்கள் பெற்றோர் யார், எந்தப் பங்கில் திருமுழுக்கு, எங்கே திருமணம், ஞானத்தாய் ஞானத்தந்தை யார், வீட்டுப்பெயர் என்ன என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். பாட்டியோடு சேர்ந்து புதைந்துபோகும் பெயர்களை எந்தக் காப்பகத்திலும் தேட முடியாது.

இரண்டாவது, ஏட்டைத் திருத்தச் சொல்லி யாரும் பங்குத்தந்தையை நெருக்காதீர்கள். சொத்துக்காகவோ, கடவுச்சீட்டுக்காகவோ, ஒரு பெயரை மாற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லும் தரகர்களை நம்பாதீர்கள். உண்மையான பிழை இருந்தால், உரிய சான்றோடு, ஆயர் இல்லத்தின் அனுமதி பெற்று, ஓரத்தில் தேதியிட்டுக் கையொப்பத்துடன் திருத்தும் முறை உண்டு. பொய்யாக மாற்றிய ஒரு வரி, பின்னால் வருகிற எல்லாத் தலைமுறைக்கும் பொய் சொல்லும்.

மூன்றாவது, ஏட்டில் கண்டதைத் தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள். தகப்பன் பெயர் இல்லாத ஒரு குழந்தை, மறுமணம், தத்துப்பிள்ளை, இவையெல்லாம் கண்ணில் படலாம். அந்தக் குழந்தையையும் அதன் தாயையும் திருச்சபை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை; பெயர் எழுதி உள்ளே அழைத்துக்கொண்டது. நூறு ஆண்டு கழித்து நாம் அவர்களை வெளியே தள்ள வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பதிவுகளைப் பங்குத்தந்தை எல்லாருக்கும் காட்டாததும் இதனால்தான்.

நான்காவது, உங்கள் பங்கின் பழைய ஏடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பங்குப் பேரவையில் கேளுங்கள். திருவிழாத் தேருக்கும் வாணவேடிக்கைக்கும் இலட்சக்கணக்கில் செலவிடுகிறோம். மழை ஒழுகும் அறையில், கரையான் ஏறும் மர அலமாரியில் இருக்கும் ஏட்டுக்கு ஓர் இரும்பு அலமாரி வாங்க முடியாதா? பக்கங்களைப் படமெடுத்து ஆயர் இல்லத்தில் ஒரு பிரதி வைக்க முடியாதா? 1776இல் அவர்கள் கையால் எழுதியே மூன்றாவது பிரதி எடுத்தார்கள். நமக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

கடைசியாக, இந்த மாதம் கல்லறைக்குப் போகும்போது, பெயர் தெரிந்தவர்களுக்கு மட்டும் திரி ஏற்றிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சிலுவையில்லாத வெறுந்தரையிலும் ஒரு திரி வையுங்கள். கோட்டையில் வாழ்ந்தவர்களும், கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களும், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழந்தாளிட்டவர்களும், ஏட்டில் ஒரே ஒரு வரியாக மட்டும் எஞ்சியவர்களும் நமக்காக மன்றாடுவார்களாக. அவர்களுக்கு முடிவில்லாத இளைப்பாற்றியை ஆண்டவர் அருள்வாராக.

ஆமென்.